பொதுச் செயற்கூற்றை இன்லைன் செய்தும் டிக்ஷனரி மறையவில்லை: இன்லைனிங், ஸ்பெஷலைசேஷன் இரண்டில் எது முந்த வேண்டும்?

வாக்குவா மழைமானி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் உறவினர்கள் சிலர் மொரீஷியஸின் மேட்டு நிலத்திலும் மேற்குக் கடலோரப் பக்கத்திலும் கரும்பு பயிரிடுகிறார்கள். அவர்களுடைய தோட்டங்களில் உள்ள மழைமானிகளின் அளவுகளைத் திரட்டி, மாத மொத்தமும் பருவ மொத்தமும் கணக்கிடுவதற்காக ஹாஸ்கெல் மொழியில் ஒரு நிரல் எழுதி வருகிறேன். அன்றாட அறிக்கைக்கு டபிள் வகை (மிதவைப் புள்ளி) எண் போதும். ஆனால் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை உள்ள அளவுகளைப் பல ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கூட்டும்போது பின்னப் பகுதியில் பிழை திரள்கிறதா என்று பார்க்க, அதே கணக்கை ரேஷனல் (துல்லியமான பின்ன) வகையிலும் ஓட்ட வேண்டியிருக்கிறது. ஆகவே கணக்கிடும் செயற்கூறுகள் அனைத்தையும் எந்த எண் வகைக்கும் பொருந்தும்படி டைப்கிளாஸ் (பல வகைகளுக்குப் பொதுவான செயல்களின் தொகுப்பு) வழியாக எழுதியிருக்கிறேன்.

நிரல் மூன்று மாட்யூல்களில் இருக்கிறது. அடியில் "கணக்கு", அதன் மேல் "சுருக்கம்", எல்லாவற்றுக்கும் மேல் "முதன்மை". எண்ணின் வகை டபிள் என்று முடிவாவது முதன்மை மாட்யூலில் மட்டுமே. படிக்க எளிதாக இருக்கும்படி பெயர்களைத் தமிழில் மாற்றித் தருகிறேன்:

    -- கணக்கு
    கூட்டு :: எண் அ => அ -> [அ] -> அ
    கூட்டு மொத்தம் []         = மொத்தம்
    கூட்டு மொத்தம் (ம : மீதி) = கூட்டு (மொத்தம் + ம) மீதி

    -- சுருக்கம்
    மாதமொத்தம் :: எண் அ => [அ] -> அ
    மாதமொத்தம் அளவுகள் = கூட்டு 0 அளவுகள்

நிரல் மெதுவாக ஓடியதால், மாதமொத்தம் என்ற செயற்கூற்றுக்கு இன்லைன் பிராக்மா (அழைக்கும் இடத்தில் உடலையே ஒட்டச் சொல்லும் கம்பைலர் குறிப்பு) கொடுத்தேன். கம்பைலரின் கோர் வடிவத்தை (அதன் இடைநிலை மொழி வடிவத்தை) அச்சிட்டுப் பார்த்தபோது, முதன்மை மாட்யூலில் அந்தப் பெயரே காணாமல் போயிருந்தது. அதாவது இன்லைனிங் சரியாகவே நடந்திருக்கிறது. ஆனால் அதன் இடத்தில் வந்து நிற்கும் கூட்டு என்ற அழைப்போடு டபிளுக்குரிய எண் டிக்ஷனரி (அந்த வகையின் கூட்டல் முதலிய செயல்களைச் சுமக்கும் பதிவு) இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேகத்திலும் மாற்றம் இல்லை. பிறகு கணக்கு மாட்யூலில் கூட்டு என்பதற்கு டபிளைக் குறித்து ஒரு ஸ்பெஷலைஸ் பிராக்மா (அந்த வகைக்கென்றே தனிப் பிரதி எடுக்கச் சொல்லும் குறிப்பு) எழுதியதும் நிரல் வேகமெடுத்தது. அதன் பின்னர் சுருக்கம் மாட்யூலில் பருவஅறிக்கை என்று சற்றுப் பெரிய பொதுச் செயற்கூறு ஒன்றைச் சேர்த்தேன். அதுவும் கூட்டு என்பதையே அழைக்கிறது. அந்த வழியாகப் போகும் கணக்கு மட்டும் பழையபடி மெதுவாக ஓடுகிறது. கணக்கு மாட்யூலில் பிராக்மா அப்படியேதான் இருக்கிறது.

இன்லைன் ஆன பின்னும் டிக்ஷனரி ஏன் மறையவில்லை, ஒருமுறை ஸ்பெஷலைஸ் ஆன செயற்கூறு வேறொரு வழியாக அழைக்கப்படும்போது ஏன் பொது வடிவத்துக்குத் திரும்புகிறது என்பவற்றை விளக்க முடியுமா? இரண்டு பிராக்மாக்களையும் எல்லாச் செயற்கூறுகளுக்கும் கொடுத்துவிடுவது முறையா?

---

ரோஸ் ஹில் நிரலர் பதில்:

வணக்கம் தம்பி. நீங்கள் கண்ட இரண்டுக்கும் காரணம் ஒன்றே. எண்ணின் வகை டபிள் என்ற செய்தி முதன்மை மாட்யூலில் பிறக்கிறது. அது தேவைப்படும் இடமோ கூட்டு என்ற சுழற்சியின் உட்பகுதி. நடுவில் உள்ள ஒவ்வொரு செயற்கூறும் அந்தச் செய்தியைக் கம்பைல் நேரத்திலேயே உள்ளே கடத்திக் கொடுத்தாக வேண்டும். ஒரே ஒரு செயற்கூறு கடத்தத் தவறினாலும், அதற்கு அப்பால் உள்ளவை எல்லாம் பொது வடிவிலேயே ஓடும். இன்லைனிங், ஸ்பெஷலைசேஷன் இரண்டுமே அந்தச் செய்தியைக் கடத்தும் வழிகள்தாம், ஆனால் எந்தெந்தச் செயற்கூற்றின் வழியாகக் கடத்த முடியும் என்பதில் இரண்டும் வேறுபடுகின்றன.

முதலில் டிக்ஷனரியின் விலையைப் பார்த்துவிடுவோம். 1989-இல் ஃபிலிப் வாட்லரும் ஸ்டீபன் பிளாட்டும் டைப்கிளாஸை முன்வைத்தபோதே, அதை டிக்ஷனரி வழியாக மொழிபெயர்க்கும் முறையையும் சேர்த்தே சொன்னார்கள். "எண் அ" என்ற நிபந்தனை, கம்பைலரின் கண்ணுக்குச் சாதாரணமான ஒரு கூடுதல் அளபுரு (செயற்கூறு வாங்கும் உள்ளீடு). கூட்டல், கழித்தல், பெருக்கல் ஆகியவை அடங்கிய ஒரு பதிவு அதன் வழியாக உள்ளே வருகிறது. ஆகவே பொது வடிவில், மொத்தத்தோடு ஒரு அளவைக் கூட்டும் ஒவ்வொரு முறையும் அந்தப் பதிவிலிருந்து கூட்டல் செயற்கூற்றை எடுத்து, அது எது என்று தெரியாத நிலையிலேயே அழைக்க வேண்டியிருக்கிறது.

அழைப்பின் செலவை விடப் பெரிய இழப்பு இன்னொன்று. தெரியாத கூட்டல் தன் அளபுருக்களை உடனே மதிப்பிடுமா, மாட்டாதா என்று கம்பைலரால் சொல்ல முடியாது. ஆகையால் மதிப்பிடாது என்றே எடுத்துக்கொண்டு, மொத்தத்தைக் கணக்கிடாமல் தள்ளிவைக்கிறது. தள்ளிவைத்த கூட்டல்கள் ஒன்றன் மேல் ஒன்றாக ஹீப் என்ற நினைவகப் பகுதியில் குவிகின்றன. மொத்தத்தை உடனே மதிப்பிடும்படி நீங்களே குறியிட்டால் குவியல் நின்றுவிடும். ஆனாலும் ஒவ்வொரு படியிலும் பெட்டியிட்ட (ஹீப்பில் வைத்துச் சுட்டி வழியாக அணுகும்) ஒரு புது டபிள் உருவாகும். 64 பிட் கணினியில் அது தலைப்புச் சொல் ஒன்றும் மதிப்புச் சொல் ஒன்றுமாக 16 பைட் பிடிக்கும். வகை தெரிந்துவிட்டால் இவை அனைத்தும் ஒரே ஒரு கூட்டல் கட்டளையாகச் சுருங்கி, மொத்தம் ரெஜிஸ்டரிலேயே தங்கிவிடும். நீங்கள் கண்ட வேக வேறுபாட்டின் பெரும்பகுதி இதிலிருந்து வருவதே.

இனி உங்கள் முதல் கேள்வி. இன்லைனிங் என்பது அழைக்கும் இடத்தில் உடலைக் கொண்டுவந்து ஒட்டுவது. மாதமொத்தம் தற்சுழற்சி (தன்னையே அழைத்தல்) இல்லாதது. ஆகவே எளிதாக ஒட்டப்பட்டது. அதன் உள்ளே இருந்த "கூட்டு 0 அளவுகள்" என்ற அழைப்பு, இப்போது டபிளின் டிக்ஷனரியோடு முதன்மை மாட்யூலில் வெளிப்படையாக நிற்கிறது. இன்லைனிங்கின் பணி அத்தோடு முடிந்தது. கூட்டு தற்சுழற்சிச் செயற்கூறு என்பதால் அதை ஹாஸ்கெலின் ஜிஎச்சி கம்பைலர் இன்லைன் செய்வதே இல்லை. செய்யத் தொடங்கினால் ஒட்டிய உடலுக்குள் மீண்டும் அதே அழைப்பு வரும். அதையும் ஒட்டினால் மீண்டும் வரும். இதற்கு எல்லை கிடையாது. ஆகையால் தன்னைத்தானே அழைக்கும் செயற்கூற்றையும், ஒன்றையொன்று அழைக்கும் குழுவில் குறைந்தது ஒன்றையும், சுழற்சியை முறிக்கும் இடமாகக் கம்பைலர் குறித்துவைத்து, அதை ஒட்டாமல் விட்டுவிடுகிறது.

ஸ்பெஷலைசேஷன் தேவைப்படுவது சரியாக இந்த இடத்தில்தான். அது உடலை அழைக்கும் இடத்தில் ஒட்டுவதில்லை. தெரிந்த டிக்ஷனரியை உடலுக்குள் பொருத்தி, தனிப் பெயரோடு ஒரு பிரதி எடுக்கிறது. அந்தப் பிரதிக்குள் இருக்கும் தற்சுழற்சி அழைப்பும் பிரதியையே அழைக்கும்படி மாறிவிடுகிறது. பிறகு "கூட்டு என்பதை டபிள் டிக்ஷனரியோடு அழைத்தால் இந்தப் பிரதியை அழை" என்று ஒரு மாற்று விதியையும் எழுதிவைக்கிறது. ஆனால் பிரதி எடுக்க உடல் கண்ணில் பட வேண்டும். மாட்யூல்கள் தனித்தனியாகக் கம்பைல் ஆகும்போது, பிராக்மா ஏதும் இல்லாத தற்சுழற்சிச் செயற்கூற்றின் உடலை இன்டர்ஃபேஸ் கோப்பில் (ஒரு மாட்யூலைப் பற்றிப் பிற மாட்யூல்களுக்குத் தெரிவிக்கும் கோப்பில்) ஜிஎச்சி எழுதிவைப்பதில்லை. ஆகவே முதன்மை மாட்யூல் கம்பைல் ஆகும்போது டிக்ஷனரி தெரிகிறது, அழைப்பும் தெரிகிறது, பிரதி எடுக்க மூலம் மட்டும் இல்லை. உங்கள் கோர் வடிவத்தில் டிக்ஷனரி ஒட்டிக்கொண்டிருந்தது இதனால்தான்.

இரண்டாவது கேள்வியில் நிலைமை நேர்மாறு. ஸ்பெஷலைஸ் பிராக்மா கொடுத்தவுடன் பிரதியும் விதியும் கணக்கு மாட்யூலிலேயே உருவாகிவிட்டன. ஆனால் அந்த விதி பொருந்த, அழைப்பில் டபிள் டிக்ஷனரி கண்ணுக்குத் தெரிய வேண்டும். பருவஅறிக்கை பொதுச் செயற்கூறு. அதன் உள்ளே கூட்டு என்பதற்குப் போவது வெளியிலிருந்து அளபுருவாக வந்த ஏதோ ஒரு டிக்ஷனரி. அங்கே விதி பொருந்தாது. மாதமொத்தம் சிறியது, இன்லைன் ஆனது, டிக்ஷனரி வெளிப்பட்டது, விதி பொருந்தியது. பருவஅறிக்கை பெரியது, தானாக இன்லைன் ஆகவில்லை, டிக்ஷனரி மறைந்தே இருந்தது.

ஜிஎச்சியின் கட்ட வரிசையும் இந்தத் தொடர்பை ஒட்டியே அமைந்திருக்கிறது. முதலில் மென்மையான ஒரு எளிமையாக்கல் சுற்று நடக்கிறது. சிறிய உறைச் செயற்கூறுகளை இன்லைன் செய்து, ஸ்பெஷலைசேஷனுக்கு வேண்டிய டிக்ஷனரிகளை வெளிக்கொணர்வதே அதன் முக்கிய நோக்கம். அதை அடுத்து உடனே ஸ்பெஷலைசேஷன். வெளிப்பாடுகளை லாம்டாவுக்கு (பெயரற்ற செயற்கூற்றுக்கு) வெளியே மிதக்கவிடும் கட்டம் அதற்குப் பின்னரே வருகிறது. அது முந்திவிட்டால், டிக்ஷனரி அளபுருக்கள் செயற்கூற்றின் தலைப்பில் வரிசையாகத் தென்படும் நிலை கலைந்துவிடக்கூடும். பிறகு 2, 1, 0 என்று இறங்குவரிசையில் எளிமையாக்கல் சுற்றுகள் நடக்கின்றன. ஸ்பெஷலைஸ் ஆன பிரதிகளில் கூட்டல் போன்றவை இன்லைன் ஆவது அப்போதுதான். மதிப்பிடுதல் ஆய்வும், பெட்டியிட்ட எண்ணைப் பிரித்து அனுப்பும் மாற்றமும் அவற்றை அடுத்து வருகின்றன. ஆக இன்லைனிங் ஸ்பெஷலைசேஷனுக்கு வழி திறக்கிறது. ஸ்பெஷலைசேஷன் மறுபடியும் இன்லைனிங்குக்கு வழி திறக்கிறது.

செய்ய வேண்டியது இதுதான்: கூட்டு, பருவஅறிக்கை இரண்டுக்கும் இன்லைனபிள் பிராக்மா கொடுங்கள். பெயர் ஒத்திருந்தாலும் அது இன்லைன் பிராக்மாவைப் போல இன்லைனிங்கைத் தூண்டுவதில்லை. நீங்கள் எழுதிய உடலை எழுதியபடியே இன்டர்ஃபேஸ் கோப்பில் பாதுகாத்து, பிற மாட்யூல்கள் பிரதி எடுக்க வகை செய்கிறது. முதன்மை மாட்யூல் முதலில் பருவஅறிக்கையைப் பிரதி எடுக்கும். அந்தப் பிரதிக்குள் டபிளோடு நிற்கும் கூட்டு அழைப்பைக் கண்டு அதையும் பிரதி எடுக்கும். கோர் வடிவத்தில் டாலர் குறியும் எஸ் எழுத்தும் முன்னே ஒட்டிய பெயர்கள் தென்பட்டால், பிரதிகள் உருவாகிவிட்டன என்று பொருள். டபிள் என்பதை அடுத்து ஹேஷ் குறி வந்தால் பெட்டியும் நீங்கிவிட்டது.

---

மோக்கா ஆய்வாளர் பதில்:

அண்ணா சொன்ன விளக்கத்தோடு முழுமையாக உடன்படுகிறேன். தீர்வில் மட்டும் எனக்கு வேறு கருத்து உண்டு. இன்லைனபிள் பிராக்மா நூலகம் எழுதுபவருக்கு ஏற்றது, ஏனெனில் அதைப் பயன்படுத்துவோர் எந்த வகையோடு வருவார்கள் என்று அவருக்குத் தெரியாது. இங்கே மொத்த நிரலும் ஒருவர் கையில் இருக்கிறது. தேவைப்படும் வகைகள் டபிள், ரேஷனல் இரண்டே. அப்படியிருக்க, கூட்டு, பருவஅறிக்கை இரண்டும் அவை பிறந்த மாட்யூலிலேயே அந்த இரண்டு வகைகளுக்கும் ஸ்பெஷலைஸ் பிராக்மா பெறுவதே நல்லது. பருவஅறிக்கையின் டபிள் பிரதி சுருக்கம் மாட்யூலிலேயே உருவாகும். அதற்குள் இருக்கும் கூட்டு அழைப்பில் டிக்ஷனரி தெரிவதால் கணக்கு மாட்யூலின் விதி அங்கேயே பொருந்தும். பிரதி ஒருமுறை மட்டும் எடுக்கப்படும். இன்லைனபிள் வழியில், ஒன்றையொன்று அறியாத இரண்டு மாட்யூல்கள் ஒரே பிரதியைத் தனித்தனியாக எடுத்துக்கொள்ளும். கம்பைல் நேரமும் கோப்பின் அளவும் வளரும். எல்லாச் செயற்கூறுகளின் உடலையும் வெளிப்படுத்து, கண்டதையெல்லாம் ஸ்பெஷலைஸ் செய் என்று கட்டளையிடும் இரண்டு தேர்வுகளும் ஜிஎச்சியில் உண்டு. எங்கே அடைப்பு என்று கண்டறிய அவற்றைத் தற்காலிகமாகப் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. நிரந்தரமாக வைத்துக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி கேட்டவர் அறிய வேண்டிய இன்னொரு வழியும் இருக்கிறது. தற்சுழற்சியை உள்ளே ஒளித்துவைத்தால் வெளிச் செயற்கூற்றை இன்லைன் செய்ய முடியும்:

    மடி செயல் தொடக்கம் = ஓடு
      எங்கே
        ஓடு []         = தொடக்கம்
        ஓடு (ம : மீதி) = செயல் ம (ஓடு மீதி)

ஹாஸ்கெலின் அடிப்படை நூலகத்தில் உள்ள ஃபோல்டர் என்ற செயற்கூறு இதே வடிவில்தான் எழுதப்பட்டிருக்கிறது. மடி தன்னைத்தானே அழைப்பதில்லை. அழைப்பது உள்ளே இருக்கும் ஓடு மட்டுமே. ஆகவே மடி தடையின்றி இன்லைன் ஆகும்; அப்போது ஓடு என்ற சுழற்சியின் புதிய பிரதி ஒன்று அழைத்த இடத்துக்கே வந்துவிடும், செயல் என்ற அளபுருவின் இடத்தில் உண்மையான செயற்கூறு நேரடியாக அமரும். டிக்ஷனரி மட்டுமல்லாமல் எந்தச் செயற்கூற்று அளபுருவுக்கும் இந்த வழி பயன்படும். டைப்கிளாஸ் ஸ்பெஷலைசேஷனால் அது முடியாது, ஏனெனில் அது டிக்ஷனரிகளை மட்டுமே கவனிக்கிறது. இதில் ஒரு நுணுக்கம்: இன்லைன் பிராக்மா பெற்ற செயற்கூறு, சமக்குறிக்கு இடப்புறம் எத்தனை அளபுருக்களோடு எழுதப்பட்டதோ அத்தனையும் கிடைத்தால்தான் ஒட்டப்படும். மடி என்பதைப் பட்டியலையும் இடப்புறத்தில் சேர்த்து மூன்று அளபுருக்களோடு எழுதினால், இரண்டை மட்டும் கொடுத்து அழைக்கும் இடங்களில் இன்லைனிங் நடக்காது. பட்டியலை வெளியே விட்டு எழுதியிருப்பது அதற்காகவே.

இந்த வழியின் விலை, அழைக்கும் இடம் ஒவ்வொன்றிலும் ஒரு முழுச் சுழற்சி வந்து சேர்வது. உடல் நான்கு வரி என்றால் கவலை இல்லை. பருவஅறிக்கை போன்ற பெரிய செயற்கூற்றை இப்படிச் செய்யக் கூடாது. வகைக்கு ஒரு பிரதி போதும் என்றால் ஸ்பெஷலைசேஷன். அழைப்புக்கு அழைப்பு செயல் மாறுகிறது, உடலும் சிறியது என்றால் உள்ளே ஒளித்த சுழற்சியோடு இன்லைனிங். நான் இப்படித்தான் பிரித்துக்கொள்கிறேன்.

இரண்டும் மோதிக்கொள்ளும் ஓர் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். மாற்று விதி எதுவானாலும் அது தேடுவது செயற்கூற்றின் பெயரை. நீங்களே கையால் ஒரு மாற்று விதி எழுதி, அதே செயற்கூறு முதல் சுற்றிலேயே இன்லைன் ஆகிவிட்டால், விதி தேடும் பெயர் நிரலில் எங்கும் இராது. இப்படி நேரக்கூடும் என்று ஜிஎச்சியே எச்சரிக்கை தரும். அந்த எச்சரிக்கையைப் புறக்கணிக்காதீர்கள். இன்லைன் பிராக்மாவில் சதுர அடைப்புக்குள் கட்ட எண்ணைக் கொடுத்து, அந்தக் கட்டம் வரும்வரை ஒட்டாமல் காத்திருக்கச் செய்யலாம். ஃபோல்டருக்கு 0 என்ற எண் கொடுக்கப்பட்டிருப்பது, சுழற்சிகளை இணைத்து இடைப் பட்டியல்களை நீக்கும் விதிகளுக்கு 2, 1 ஆகிய சுற்றுகளில் வாய்ப்பளிப்பதற்காக.

---

வாக்குவா மழைமானி எழுதியது:

ஐயாவுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. அக்கா சொன்னபடி இரண்டு மாட்யூல்களிலும் டபிள், ரேஷனல் இரண்டுக்கும் ஸ்பெஷலைஸ் பிராக்மா எழுதினேன். பருவஅறிக்கையின் பிரதி கோர் வடிவத்தில் டாலர், எஸ் முன்னொட்டோடு தெரிகிறது, கூட்டு என்பதன் உள்ளே பெட்டி இல்லாத டபிள் ஓடுகிறது, வேகமும் வந்துவிட்டது.

ஒன்று மட்டும் எஞ்சியிருக்கிறது. எந்த எண் வகையில் கணக்கிட வேண்டும் என்பதை அமைப்புக் கோப்பிலிருந்து படித்து, "முறை" என்ற ஒரு தரவினத்தில் வைக்கிறேன். அந்தத் தரவினம் எண்ணின் வகையை மறைத்து, டிக்ஷனரியைத் தன்னுள்ளே சுமக்கும் வகையைச் சேர்ந்தது. அதைத் திறந்து பருவஅறிக்கையை அழைக்கும் இடத்தில் பிரதி பயன்படுவதில்லை, பொது வடிவமே ஓடுகிறது. ஓ2 என்ற மேம்படுத்தல் தேர்வோடு கம்பைல் செய்தால் கன்ஸ்ட்ரக்டர் (தரவின மதிப்பைக் கட்டும் குறி) அடிப்படையில் ஸ்பெஷலைஸ் செய்யும் இன்னொரு கட்டமும் சேரும் என்று படித்தேன். அது இதற்கு உதவுமா?

---

போர்ட் லூயிஸ் ஓகேமல்காரர் பதில்:

உங்கள் கடைசிக் கேள்விக்கு ஹாஸ்கெல் அறிந்தவர்கள் விடை தரட்டும். வேறு மொழிகளின் கம்பைலர்கள் இதே சிக்கலை எப்படிக் கையாள்கின்றன என்பதைச் சொன்னால் பயன்படும் என்று நினைக்கிறேன்.

ஓகேமல் மொழியில் டைப்கிளாஸ் இல்லை, ஆகவே மறைந்து வரும் டிக்ஷனரியும் இல்லை. ஆனால் செயற்கூறுகளை அளபுருவாக வாங்கும் செயற்கூறுகளும், மாட்யூலை அளபுருவாக வாங்கும் ஃபங்க்டர்களும் உண்டு. 2016-இல் வெளியான 4.03 பதிப்போடு வந்த ஃபிளாம்டா என்ற மேம்படுத்தல் தொகுதியில் இன்லைனிங்கும் ஸ்பெஷலைசேஷனும் ஒரே இடத்தில் முடிவு செய்யப்படுகின்றன. தற்சுழற்சிச் செயற்கூறு ஒன்றின் அளபுரு, சுழற்சி முழுவதும் மாறாமல் அப்படியே கடத்தப்படுகிறது என்றும், அழைக்கும் இடத்தில் அது எந்தச் செயற்கூறு என்று தெரிகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஃபிளாம்டா அந்தச் சுழற்சியை அந்த அளபுருவுக்கென்றே பிரதி எடுக்கும். மோக்கா ஆய்வாளர் கையால் எழுதிக் காட்டிய "உள்ளே ஓடும் சுழற்சி" மாற்றத்தின் பலன், மூலத்தை மாற்றாமலே இங்கே கிடைக்கிறது. அளபுரு ஒவ்வொரு படியிலும் மாறுமானால் இது நடக்காது. ஆகவே ஓகேமலில் எழுதும்போது மாறாத அளபுருக்களை மாறாமலே கடத்துவதில் கவனம் வைப்பது நல்ல பழக்கம்.

ஸ்டாண்டர்டு எம்எல் மொழிக்கான எம்எல்டன் கம்பைலர் வேறு பாதையில் போகிறது. அது மொத்த நிரலையும் ஒன்றாகப் பார்த்து, பொதுச் செயற்கூறுகள் எல்லாவற்றையும் அவை பயன்படும் வகைகளுக்குத் தனித்தனியாகப் பிரதி எடுத்துவிடுகிறது. உடல் கண்ணில் படவில்லை என்ற தொல்லை அங்கே எழுவதே இல்லை. இது முடிவடையும் என்பதற்கு உறுதி தருவது அந்த மொழியின் ஒரு கட்டுப்பாடு: ஒரு செயற்கூறு தன்னைத்தானே வேறொரு வகையில் அழைக்க அங்கே இடமில்லை. ஹாஸ்கெலில் வகை அறிவிப்பு எழுதினால் அது அனுமதிக்கப்படும். ஒவ்வொரு அழைப்பிலும் வகை வளர்ந்துகொண்டே போகும் அத்தகைய செயற்கூற்றுக்கு எடுக்க வேண்டிய பிரதிகளுக்கு முடிவே இராது. எல்லா இடத்திலும் டிக்ஷனரியை நீக்கிவிடுவேன் என்று ஜிஎச்சி உறுதி கூற இயலாததற்கு இதுவும் ஒரு காரணம்.

---

ரோஸ் ஹில் நிரலர் பதில்:

தம்பி, இரண்டு வகைகளுக்குப் பிரதி எடுக்கும் அளவில் மோக்கா ஆய்வாளர் சொன்னதே உங்களுக்குச் சரி. நூலகமாக வெளியிடும் எண்ணம் வந்தால் மட்டும் இன்லைனபிளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்பெஷலைஸ் பிராக்மாவை இறக்குமதி செய்யும் மாட்யூலிலும் எழுதலாம், ஆனால் அதற்கு மூலச் செயற்கூற்றின் உடல் வெளிப்பட்டிருக்க வேண்டும்.

ஓ2 தேர்வு சேர்க்கும் கட்டத்தைப் பற்றிக் கேட்டீர்கள். சைமன் பெய்ட்டன் ஜோன்ஸ் 2007-இல் விவரித்த அந்தக் கட்டம், தற்சுழற்சிச் செயற்கூறு ஒன்று தன்னையே அழைக்கும்போது அளபுருவில் எந்தக் கன்ஸ்ட்ரக்டர் நிற்கிறது என்று பார்க்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஓர் இணையைக் கட்டி அனுப்பி, அடுத்த சுற்றில் அதையே பிரிக்கும் சுழற்சிகளில், இணையை நீக்கி அதன் இரு பகுதிகளையும் நேரடியாக அனுப்பும் பிரதி ஒன்றை உருவாக்கும். மொத்தத்தையும் மழைநாள்களின் எண்ணிக்கையையும் ஓர் இணையில் வைத்துச் சுழற்றுவீர்களானால் அது கைகொடுக்கும். சிறு செயற்கூறுகள் முன்னரே இன்லைன் ஆகி, இணையைக் கட்டுவதும் பிரிப்பதும் ஒரே சுழற்சிக்குள் வெளிப்பட்டிருந்தால்தான் அதற்கும் வேலை இருக்கும். அந்த அளவில் முன்பு சொன்ன சார்பே இங்கும் தொடர்கிறது. ஆனால் உங்கள் "முறை" தரவினத்துக்கு அது உதவாது. அமைப்புக் கோப்பைப் படிப்பது நிரல் ஓடும்போது. எந்த டிக்ஷனரி உள்ளே இருக்கிறது என்பது கம்பைல் நேரத்தில் யாருக்கும் தெரியாது. எந்தக் கட்டத்தாலும், எந்த பிராக்மாவாலும் அதை வெளிக்கொணர முடியாது.

தொடர்புடைய இன்னொரு நிலையையும் இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. டிக்ஷனரி கம்பைல் நேரத்தில் தெரிந்தாலும், பல இன்லைனிங் சுற்றுகளுக்குப் பிறகே வெளிப்படுவது உண்டு. வழக்கமான ஸ்பெஷலைசேஷன் கட்டம் தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் ஓடுவதால், அது முடிந்த பின் வெளிப்படும் டிக்ஷனரிக்குப் புதிய பிரதி கிடைக்காது. அதற்காக இறுதியில் இன்னொரு முறை ஸ்பெஷலைஸ் செய்யச் சொல்லும் தேர்வு ஒன்று ஜிஎச்சியில் இருக்கிறது. இயல்பில் அது அணைந்திருக்கும். உங்கள் சிக்கல் அந்த வகையைச் சேர்ந்தது அல்ல.

உங்களுக்கு உகந்த வழி தரவினத்தை மாற்றுவதே. டிக்ஷனரியைச் சுமக்கும் மறைவகையை விட்டுவிட்டு, டபிள்முறை, ரேஷனல்முறை என்று இரண்டு கன்ஸ்ட்ரக்டர்கள் மட்டும் கொண்ட சாதாரணத் தரவினமாக அதை எழுதுங்கள். அமைப்பைப் படித்தவுடன், சுழற்சிகள் எதுவும் தொடங்கும் முன்னர், முதன்மை மாட்யூலில் ஒரே இடத்தில் அதைப் பிரித்துப் பாருங்கள்:

    அறிக்கை டபிள்முறை    கோப்பு = காட்டு (பருவஅறிக்கை (டபிளாக்கு கோப்பு))
    அறிக்கை ரேஷனல்முறை கோப்பு = காட்டு (பருவஅறிக்கை (ரேஷனலாக்கு கோப்பு))

ஒவ்வொரு கிளையிலும் வகை கம்பைல் நேரத்திலேயே முடிவாகிவிடுவதால், சுருக்கம் மாட்யூலில் ஏற்கனவே உள்ள பிரதிகள் இரண்டும் விதி வழியாகப் பொருந்திவிடும். ஓடும் நேரத்தில் மிஞ்சுவது நிரலின் தொடக்கத்தில் நிகழும் ஒரே ஒரு ஒப்பீடு. பிறகு எந்தெந்த மாற்று விதிகள் பயன்பட்டன என்று பட்டியலிடும் தேர்வோடு ஒருமுறை கம்பைல் செய்து பாருங்கள். முதன்மை மாட்யூலின் பட்டியலில் பருவஅறிக்கைக்கான ஸ்பெஷலைஸ் விதி டபிளுக்கும் ரேஷனலுக்கும் தனித்தனியாகத் தென்பட வேண்டும். ஒன்று விடுபட்டிருந்தால் அந்தக் கிளையின் கோர் வடிவத்தை இங்கே இடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.